மலையக முதுநிலை மாணவருக்கு ஆய்வு விருது: முடித்தவருக்கா, எழுதிக்கொண்டிருப்பவருக்கா?

மஸ்கெலியா மேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபா ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறோம். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்திலிருந்து போய் முதுதத்துவமாணி (எம்.பில்.) அல்லது கலாநிதிப் (பிஎச்.டி.) பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒருவருக்கு அதை விருதாகக் கொடுக்கலாம் என்பது எண்ணம். கூட்டத்தில் அதிகம் பேர் சொன்னது வழக்கமான யோசனைதான். சிறந்த ஆய்வேடு ஒன்றைத் தெரிவு செய்வோம், அட்டனில் ஒரு மண்டபம் எடுப்போம், பொன்னாடை போர்த்திக் கேடயமும் காசோலையும் கொடுப்போம் என்றார்கள்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டமும் வாங்கியவருக்கு அந்தக் காசு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். தகவலெல்லாம் திரட்டி வைத்துவிட்டு எழுத நேரமில்லாமல் நிற்கிறவருக்கு அதே காசு பட்டத்தையே வாங்கித் தரும். நம் பிள்ளைகள் களவேலையில் தோற்று நான் பார்த்ததில்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் எப்போது கூடும், அரைநாள் சம்பளம் மட்டும் போடும் அரைப்பேர் எப்படி விழும், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எதில் யாரிடம் பேசினால் உண்மை வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் நின்றுபோவது எழுத்தில்தான்.

அடுத்த கூட்டத்துக்கு முன் விதிகளை எழுத வேண்டும். ஆய்வு செய்தவர்கள், செய்கிறவர்கள், நடுவராக இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

லிந்துலைத் தங்கச்சி

அண்ணா, நீங்கள் சொல்லும் அந்த ஆள் நான்தான். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே பேராதனையில் முதுதத்துவமாணிக்குப் பதிந்திருக்கிறேன். நேர்காணல்கள் முடிந்துவிட்டன. பதிவுகளெல்லாம் போனில் கிடக்கின்றன.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எழுதுவதற்கு என்ன செலவு என்றுதான் தோன்றும். பேனையும் கொப்பியும் போதாதா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதே பெரிய வேலை. வயதான ஒரு அம்மா ஒரு மணி நேரம் பேசியதை எழுத்தில் கொண்டுவரப் பல மணி நேரம் உட்கார வேண்டும். அதை ஆள் வைத்துச் செய்தால் காசு, நானே செய்தால் தூக்கம் போகும். சம்பளமில்லாத லீவு எடுத்தால் வீட்டுக் கடன் நிற்கும். பதிவுக்காலம் முடிந்தால் நீடிப்புக்கு மறுபடி கட்டணம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு மொழி திருத்துகிறவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதில் எதற்கும் எந்த விருதும் வந்து நிற்பதில்லை. முடித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்கின்றன.

கொழுந்து 2025

நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். நான் தேயிலை மண் பற்றி ஆய்வு செய்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை என்னும் இயந்திரம் பார்த்தவர். (பெயரில் உள்ள எண், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட தேயிலை இனத்தின் எண். நிலையம் தொடங்கியது 1925 இல்.)

விஞ்ஞானப் பக்கத்தில் முடித்தபின் கிடைக்கும் விருதுக்குத் தனிப் பெறுமதி இருக்கிறது. ஓர் ஆய்வரங்கில் எனக்குச் சிறந்த கட்டுரைக்கான சான்றிதழ் மட்டும்தான் கொடுத்தார்கள், காசு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்த ஒரு வரி எனக்காகப் பேசியது. தோட்டத்து முகவரியோடு போகிற ஒருவனை அறியாத பேராசிரியர் நம்புவதற்கு, வேறு யாரோ ஏற்கெனவே தெரிவு செய்திருக்கிறார்கள் என்பது பெரிய துணை. எழுதுகிற காலத்துக்கான உதவித்தொகைக்கு அந்தப் பலம் குறைவு.

இன்னொன்று. விஞ்ஞானத்தில் ஆய்வு தொடங்கும்போதே உதவி தேட ஓரளவுக்கு வழிகள் இருக்கின்றன. தேசிய விஞ்ஞான மன்றம் முதுநிலை ஆய்வுப் புலமைப்பரிசில் வழங்கியிருக்கிறது. மாணவரைப் பட்டம் முடிக்கவைத்த மேற்பார்வையாளரைக் கௌரவிக்க சஸ்ரெட் என்ற திட்டமும் அவர்களுடையதுதான். அது நல்ல யோசனை என்று நினைக்கிறேன், ஏனென்றால் மாணவர் முடிப்பதில் மேற்பார்வையாளருக்கும் ஓர் அக்கறை வந்துவிடுகிறது. இந்த வாய்ப்புகளெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளின் காதுக்கு நேரத்துக்கு எட்டுவதில்லை. முடிவுத் திகதி போன பிறகுதான் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

லிந்துலைத் தங்கச்சி

அண்ணா, பெயருக்குப் பலம் வேண்டும் என்பது சரி. அப்படியானால் எழுதுகிற காலத்துக்கான காசையே விருது என்ற பெயரில் கொடுக்கலாமே? போட்டி வைத்து, நடுவர் பார்த்து, தெரிவான கடிதத்தோடு கொடுத்தால் விண்ணப்பத்தில் போட அதுவும் ஒரு வரிதானே?

கொழுந்து 2025

அது நியாயம். கடிதத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தெரிவானார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாசிக்கிற பேராசிரியருக்கு அந்த எண்தான் வேண்டும்.

டொரொண்டோ நானுஓயா

பிறந்தது நானுஓயா, இப்போது கனடாவில் கற்பிக்கிறேன். மாணவர் விருதுகளுக்குப் பல தடவை நடுவராக இருந்திருக்கிறேன், அதனால் இது கொஞ்சம் நீளும்.

எழுதும் காலத்துக்கென்றே விருது கொடுப்பது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் சார்லட் நியூகொம்ப் பெயரில் 1981 முதல் ஒரு விருது நடந்து வந்திருக்கிறது. அறம், சமயம் சார்ந்த விழுமியங்களைப் பற்றி ஆய்வேடு எழுதும் கலாநிதி மாணவருக்கு, கடைசி ஆண்டில் வேறு வேலைக்குப் போகாமல் எழுதி முடிக்கத் தருவது அது. எழுத்துக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் காசு வேண்டும் என்பதை அங்கே வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆகவே மஸ்கெலியா அண்ணன் சொல்வதைக் கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஆய்வு பலவீனமாக இருப்பதால் விழும் விண்ணப்பங்களைவிட, முதல் பந்தியாலேயே விழுகிறவை அதிகம். நம் சமூகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள். 1823 இல் இந்தியாவிலிருந்து முதலில் கொண்டுவரப்பட்டார்கள், பிரஜாவுரிமையைப் பறித்த 1948 சட்டம், இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், 2003 இல் எஞ்சியவருக்கும் பிரஜாவுரிமை என்று ஒரு பக்கம் போய்விடும். அந்த வரலாறு எனக்கும் வலிக்கிற வரலாறுதான். ஆனால் நடுவரின் மேசையில் உள்ள பத்து விண்ணப்பத்திலும் அதே பக்கம் இருக்கும்போது, உங்கள் ஆய்வு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. அடுத்ததை எடுத்துவிடுவார்.

ஒரு பேச்சுக்கு, தாய்மார் தோட்ட வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைமடுவங்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் முதல் வரி இப்படி இருக்கும்: "பெருந்தோட்டச் சமூகம் இலங்கையின் மிகவும் பின்தங்கிய சமூகமாகக் காணப்படுகின்ற நிலையில் முன்பள்ளிப் பருவப் பராமரிப்பு முக்கியத்துவம் பெறுகின்றது." இதில் ஆய்வாளர் எங்கும் இல்லை. யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் எழுதக்கூடிய வரி.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கொழுந்து நிறுக்கும் நேரமும் பிள்ளைமடுவம் மூடும் நேரமும் பொருந்தாத தோட்டங்களில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? மூன்று தோட்டங்களில் தாய்மாரோடும் மடுவப் பொறுப்பாளர்களோடும் பேசியபோது, அந்த இடைவெளியைப் பாடசாலை போகும் அக்காமார்தான் நிரப்புகிறார்கள் என்பது தெரிந்தது. அவர்களுடைய பாடசாலை வரவுக்கு என்ன ஆகிறது என்பதே இந்த ஆய்வு." இங்கே கேள்வி இருக்கிறது, இடம் இருக்கிறது, யாரிடம் கேட்டார்கள் என்பதும் கண்டது என்ன என்பதும் இருக்கிறது. வரலாறு வேண்டுமானால் இரண்டாம் பந்தியில் இரண்டு வரி போதும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளரின் கடிதம். "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி" என்று வரும் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. கேட்கும்போதே உங்கள் சுருக்கத்தையும் நீங்கள் கண்டறிந்ததை மூன்று வரியிலும் எழுதிக் கையில் கொடுங்கள். பெரும்பாலான விரிவுரையாளர்கள் அதற்கு நன்றி சொல்வார்கள். நம் பிள்ளைகள் கடிதம் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், சேரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று. கடிதம் எழுதுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி, தயங்காமல் கேளுங்கள்.

பண்டாரவளை ராசு

இந்தப் பிள்ளைமடுவ உதாரணத்தை அப்படியே எடுத்துப் பாடசாலைச் சுவரில் ஒட்டப்போகிறேன் சேர். நன்றி.

பதுளை வீதி

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எந்த மொழியில் எழுதிய ஆய்வுக்கு விருது?

இங்கே பெரிய விருதுகள் எப்படி எண்ணுகின்றன என்று பாருங்கள். என்.ஆர்.சி. எனும் தேசிய ஆராய்ச்சிப் பேரவை வழியாக வழங்கப்படும் ஜனாதிபதி விருது, சர்வதேசச் சுட்டிகளில் உள்ள சஞ்சிகைகளில் வந்த விஞ்ஞானக் கட்டுரைகளுக்கானது. விஞ்ஞானத்துக்கு அது பொருத்தமான அளவுகோலாக இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலையகத்தில் ஆடும் காமன் கூத்தைப் பற்றியோ, தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணிமாரின் கடிதங்களைப் பற்றியோ தமிழில் எழுதிய ஓர் ஆய்வு அந்தச் சுட்டிகளின் கண்ணில் படவே படாது. வேறெந்த மொழியில் எழுதினாலும் அந்த ஆய்வின் பாதி உயிர் போய்விடும். அர்ச்சுனன் தபசுக் கூத்தில் வரும் ஒரு வரிக்கு அடிக்குறிப்பு எழுதியே பக்கம் தீர்ந்துவிடும்.

நம் விருதாவது தமிழில் எழுதியதற்கு என்று இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

கொழுந்து 2025

அப்படிச் செய்தால் விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் மாணவர் எல்லோரும் வெளியே. மலையகத்தில் அந்தத் துறைகளுக்குப் போகிறவர்களே குறைவு. அவர்களையும் விட்டுவிட்டால் எப்படி?

பதுளை வீதி

அதையும் யோசித்தேன். ஆய்வேடு எந்த மொழியிலும் இருக்கட்டும். ஆனால் விருதுக்கான விண்ணப்பக் கட்டுரை தமிழில் இருக்க வேண்டும் என்று வைத்தால்? தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் பற்றியோ மண் அமிலத்தன்மை பற்றியோ ஆங்கிலத்தில் ஆய்வு செய்தவர், மலையில் நிற்கிற ஒருவருக்கு விளங்கும்படி தமிழில் நான்கு பக்கம் எழுதட்டும். அதை வாசித்து மதிப்பிடுவோம்.

கொழுந்து 2025

இதற்கு நான் சம்மதம். உண்மையில் எனக்கே அது கடினமாக இருக்கும். ஆனால் செய்ய வேண்டிய வேலை. 1946 இல் கொப்புள நோய் இங்கே வந்ததிலிருந்து எவ்வளவோ ஆய்வு நடந்திருக்கிறது. மருந்து தெளிக்கிறவர்களுக்கு அதில் தமிழில் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

பத்தனை டீச்சர்

மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது வயது. பல விருதுகளில் இளம் ஆய்வாளர் என்று சொல்லி 35 அல்லது 40 வயதில் கோடு போட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்தில் பட்டம் முடித்த உடனே ஆய்வுக்குப் போகிறவர் யார்? முதலில் ஆசிரியர் நியமனம், அப்புறம் தம்பி தங்கச்சி படிப்பு, கலியாணம், பிள்ளை. நாற்பதைத் தொடும்போதுதான் தனக்கென்று ஒரு பதிவுப் படிவம் வாங்குகிறார்கள். பெண்களுக்கு இன்னும் பிந்தும். பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு என்று 5 வீதம் இருக்கிறது, நுவரெலியாவும் பதுளையும் அதில் அடங்கும். பட்டத்துக்குப் பிறகு அப்படி எந்தக் கணக்கும் இல்லை, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தயவுசெய்து வயது எல்லை போடாதீர்கள்.

இரண்டாவது, விழா. விழாவை முழுதாக விட்டுவிட வேண்டாம். பொன்னாடைக்குப் பதிலாக, தெரிவானவர் தன் ஆய்வைப் பிள்ளைகள் முன் பேசட்டும். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008 இல் மூன்று நிமிட ஆய்வேடு என்று ஒரு போட்டியைத் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஒரே ஒரு படம், மூன்று நிமிடம், ஆய்வு முழுவதையும் துறைக்கு வெளியே உள்ளவருக்குச் சொல்ல வேண்டும். எண்பதாயிரம் சொல் ஆய்வேட்டை வாசித்துச் சொல்ல ஒன்பது மணி நேரம் ஆகும் என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள். அதைத் தமிழில், அட்டனிலோ கொட்டகலையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வையுங்கள். விண்ணப்பித்த எல்லோரும் பேசட்டும். கேட்கிற பிள்ளைகளில் சிலருக்கு, ஆய்வு என்றால் என்ன என்று தெரிவதே அன்றுதான்.

மூன்றாவது, பேசிய மக்களுக்கு என்ன திரும்பிப் போகிறது? தோட்டத்தில் எத்தனையோ பேர் கேள்வித்தாளோடு வந்து போயிருக்கிறார்கள். முடிவு என்ன என்று சொல்ல ஒருவரும் திரும்பி வந்ததாகச் சொல்லக் கேட்டதில்லை. விருது வாங்குகிறவர் தான் ஆய்வு செய்த இடத்துக்குப் போய் ஒரு பின்னேரம் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதுங்கள்.

வவுனியா வளவன்

டீச்சர் சொன்ன மூன்றாவது நிபந்தனையை இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். எழுதும்போது தோட்டத்தின் பெயரையும் பேசியவரின் பெயரையும் மறைக்க வேண்டிய ஆய்வுகள் இருக்கும். தோட்ட நிர்வாகத்தை எதிர்த்துப் பேசிய ஒரு தொழிலாளி, விருது விழாவில் அடையாளம் தெரிந்துவிட்டால் மறுநாள் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் நடத்தச் சொல்லும் நிபந்தனையில் விலக்குக் கேட்கவும் இடம் வையுங்கள்.

நான் கேட்க வந்தது வேறு. மலையக மாணவர் என்றால் யார்? என் அப்பப்பா மடுல்சீமையில் இருந்தவர். 1977 கலவரத்தில் வீடு எரிந்து வன்னிக்கு வந்தோம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி நுவரெலியா, பதுளை, கண்டி என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் விழுந்துவிடுவோம்.

மஸ்கெலியா மேடு

வளவன், இதைக் கட்டாயம் சேர்க்கிறேன். முகவரியைக் கேட்க மாட்டோம். குடும்பத்துக்குப் பெருந்தோட்டத்தோடு உள்ள தொடர்பை விண்ணப்பதாரரே இரண்டு வரியில் எழுதினால் போதும். கிராம சேவகர் சான்றிதழ் எல்லாம் கேட்டு அலையவைக்கப் போவதில்லை.

நூல்தேடி

விண்ணப்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மின்னஞ்சலில் "சிறந்த இளம் ஆய்வாளர் விருதுக்கு நீங்கள் தெரிவாகியுள்ளீர்கள்" என்று வரும். நீங்கள் விண்ணப்பித்தே இருக்க மாட்டீர்கள். கீழே பார்த்தால் கேடயத்துக்கும் சான்றிதழுக்கும் இவ்வளவு டொலர் கட்டுங்கள் என்று இருக்கும். ஆய்வரங்குக்குப் பதிவுக் கட்டணம் கேட்பது வழமை, அது வேறு. வென்றவரிடமே விருதுக்கு விலை கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படிப்பட்ட பெயரை விண்ணப்பத்தில் எழுதினால், விஷயம் தெரிந்த நடுவர் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்.

அடுத்தது, விருது பெற்ற ஆய்வுகள் எங்கே போய்ச் சேரும்? பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி, மாணவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர் சம்மதித்தால் தமிழ்க் கட்டுரையை அங்கே கொடுத்து வைக்கலாம். கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்ப எண்ணியிருப்பவருக்கு மட்டும் காலம் கொடுங்கள், ஏற்கெனவே வெளிவந்ததைச் சில சஞ்சிகைகள் ஏற்பதில்லை.

பண்டாரவளை ராசு

காசைக் கொடுத்துவிட்டு அவர் எழுதாமல் விட்டால்? கூட்டத்தில் முதலில் வரப்போகும் கேள்வி இதுதான்.

டொரொண்டோ நானுஓயா

இரண்டு தவணையாகக் கொடுங்கள். தெரிவானதும் பாதி. ஓர் அத்தியாயத்தின் வரைவை மேற்பார்வையாளருக்குக் கொடுத்துவிட்டேன் என்று காட்டினால் மீதி. முழு ஆய்வேட்டையும் கேட்க வேண்டாம், ஒரு லட்சத்தில் அது முடியாது. பணத்தை எதற்குச் செலவழித்தார் என்று பில்லும் கேட்க வேண்டாம். பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்திருந்தால் அதுவும் எழுத்துக்கான செலவுதான்.

லிந்துலைத் தங்கச்சி

இதை ஒரு அண்ணன் சொல்லிக் கேட்பது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. நன்றி அண்ணா.

மஸ்கெலியா மேடு

எல்லாவற்றையும் வாசித்து வரைவு எழுதியிருக்கிறேன். விருது எழுதும் கட்டத்தில் இருப்பவருக்கு. களவேலை அல்லது ஆய்வுகூட வேலை பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும். ஆய்வு எந்த மொழியிலும் இருக்கலாம், விண்ணப்பக் கட்டுரை தமிழில் நான்கு பக்கம். வயது எல்லை இல்லை, முகவரி எல்லை இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. காசு இரண்டு தவணை. நடுவர்கள் மூன்று பேர், கட்டுரை அவர்களுக்குப் பெயரில்லாமல் போகும். விண்ணப்பதாரருக்கு மேற்பார்வையாளராகவோ உறவினராகவோ இருக்கும் நடுவர் அந்தக் கட்டுரையிலிருந்து விலக வேண்டும். ஊர் சின்னது, இந்த விதி இல்லாவிட்டால் முதல் ஆண்டே பேச்சு வந்துவிடும். தெரிவாகாதவர்களுக்கும் நடுவரின் கருத்து அரைப் பக்கம் எழுதி அனுப்பப்படும். இதை என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விழுந்தது ஏன் என்று தெரியாமல் இரண்டாம் முறை விண்ணப்பிக்காமல் விட்ட பல பேரை எனக்குத் தெரியும்.

கேடயம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டீச்சர் சொன்ன மூன்று நிமிடப் பேச்சில் பிள்ளைகள் வாக்களித்துத் தெரிவு செய்பவருக்கு அதைக் கொடுப்போம்.

புசல்லாவை மாணவன்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. என் மேற்பார்வையாளர் வெளிநாடு போய்விட்டார், மின்னஞ்சலுக்குப் பதில் வருவதில்லை. கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

மஸ்கெலியா மேடு

முடியும் தம்பி. திணைக்களத் தலைவரோ, உங்கள் முன்மொழிவைக் கேட்ட வேறு விரிவுரையாளரோ நீங்கள் பதிவில் இருக்கிறீர்கள் என்று உறுதிப்படுத்தினால் போதும் என்று விதியில் சேர்க்கிறேன். இரண்டாம் தவணைக்கான அத்தியாயத்தையும் அவரிடமே கொடுக்கலாம். கட்டுரையை இப்போதே தொடங்குங்கள், கூட்டம் முடிந்ததும் திகதியை இங்கேயே போடுகிறேன்.

டொரொண்டோ நானுஓயா

தம்பி, முதல் பந்தியை எழுதியதும் இங்கே போடுங்கள். நான் நடுவராக இருக்கப்போவதில்லை, அதனால் வாசித்துக் கருத்துச் சொல்லத் தடையில்லை. தங்கச்சி, உங்களுடையதையும் சேர்த்துத்தான்.